காசல்ரீ மீனும் நம்ம குசினியும்

மலையில் இருக்கும் நமக்குக் கடல் தூரம். நீர்கொழும்பிலும் திருகோணமலையிலும் பிடித்த மீன் ஐஸ் பெட்டியில் ஏறி, லொறியில் மலை ஏறி, அட்டன் சந்தைக்கு வரும்போது விலையும் ஏறியிருக்கும், மீன் கண்ணும் மங்கியிருக்கும். ஆனால் காசல்ரீயும் மவுசாகலையும் மேல்கொத்மலையும் நம் வாசலிலேயே கிடக்கின்றன. திலாப்பியாவும் கார்ப்பும் அன்று பிடித்தது அன்றே கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை தூண்டிலோடு போகிற வீட்டுக்கும், கரையில் நின்று வாங்குகிற வீட்டுக்கும் கைகொடுக்கும் சில குறிப்புகள் இதோ.

1. தூண்டில் தடிக்கு முற்றிய மெல்லிய மூங்கிலை வெட்டி, நுனியில் ஒரு கல்லைக் கட்டி அடுப்புக்கு மேலே நிமிர்த்தித் தொங்கவிடுங்கள். இரண்டு மூன்று வாரப் புகையில் தடி நேராகும், பூச்சியும் அரிக்காது. கடையில் வாங்கும் தடியின் காசு மிச்சம்.

2. தங்கூசி வெயிலில் கிடந்தால் சீக்கிரம் பலம் இழந்துவிடும். சுற்றி ஒரு துணிப்பைக்குள் போட்டு வையுங்கள். ஒவ்வொரு முறையும் புறப்படும் முன் நுனியில் ஒரு முழத்தை வெட்டிவிட்டுப் புது முடிச்சுப் போட்டால், பெரிய மீன் மாட்டும்போது அறுந்து போகாது. வெட்டிய துண்டுகளைக் கரையில் வீசாதீர்கள், கொக்கின் காலிலும் மாட்டின் காலிலும் சுற்றிக்கொள்ளும். வீட்டுக்குக் கொண்டுவந்தால் போஞ்சிக் கொடிக்குக் கம்பு கட்ட உதவும்.

3. தக்கைக்குக் காசு கொடுக்க வேண்டாம். பழைய ரப்பர் செருப்பிலிருந்தோ ரெஜிபோம் பெட்டியிலிருந்தோ ஒரு துண்டை அறுத்துக்கொள்ளுங்கள். பனி மூடிய நேரத்திலும் தெரிவதற்கு, மகளிடம் கேட்டுக் கொஞ்சம் சிவப்பு நகச்சாயம் பூசிவிடுங்கள்.

4. ஈயக் குண்டுக்குப் பதிலாகப் பழைய இரும்பு நட்டு ஒன்றைக் கட்டினாலே போதும். ஈயத்தைப் பல்லால் கடித்து இறுக்கும் பழக்கம் பலருக்கு உண்டு, அது உடம்புக்குக் கேடு. பிள்ளைகள் கையில் ஈயத்தைக் கொடுக்கவே வேண்டாம்.

5. நம் ஊர் ஈரத்தில் தூண்டில் முள் இரண்டே வாரத்தில் துருப்பிடிக்கும். காலியான மருந்துப் போத்தலில் ஒரு பிடி அரிசியைப் போட்டு, தேங்காயெண்ணெய் தொட்ட முள்களை அதற்குள் வையுங்கள். அரிசி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

6. காலையில் மிஞ்சிய ரொட்டி மாவுதான் அருமையான இரை. அவித்த உருளைக்கிழங்கு கொஞ்சம், ஒரு சிட்டிகை மஞ்சள் சேர்த்துப் பிசையுங்கள். தண்ணீரில் கரைந்து போகாமல் இருக்க ஒரு சிறு பஞ்சைப் பிய்த்துப் பிய்த்து மாவோடு கலந்துவிடுங்கள். பஞ்சு கலந்த மாவு முள்ளை இறுகப் பிடித்துக்கொள்ளும். சுண்டைக்காய் அளவுக்கு உருட்டினால் திலாப்பியாவுக்கு, நெல்லிக்காய் அளவுக்கு உருட்டினால் கார்ப்புக்கு.

7. மண்புழு தேடி மண்ணைக் கிண்ட நேரமில்லாவிட்டால், முதல் நாள் மாலையே மாட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு சாக்கை நனைத்து விரித்துவிடுங்கள். விடிய எழுந்து சாக்கைத் தூக்கினால் புழுக்கள் அடியில் கூடியிருக்கும்.

8. மிஞ்சிய புழுவைக் கொட்டிவிடாதீர்கள். சிரட்டையில் ஈரமண்ணும் ஆறிய தேயிலைச் சக்கையும் போட்டு நிழலில் மூடிவைத்தால் அடுத்த ஞாயிறு வரை உயிரோடு இருக்கும். சீனி போட்ட தேநீர்ச் சக்கை வேண்டாம், எறும்பு வந்துவிடும்.

9. திலாப்பியா 1952இல் வெளிநாட்டிலிருந்து இலங்கைக்கு வந்த மீன். சூடான நாட்டு மீன் என்பதால் தண்ணீர் 20 பாகைக்குக் கீழே குளிர்ந்தால் இரை எடுப்பது குறைந்துவிடும். தை மாசிப் பனியில் விடியற்காலையில் போய் நடுங்கி நிற்பதில் பயனில்லை. வெயில் ஏறிப் பத்து மணிக்குப் பிறகு, வெயில் விழும் ஆழம் குறைந்த கரையில் போட்டால் சீக்கிரம் கொத்தும். வீட்டு வேலையை முடித்துவிட்டே புறப்படலாம்!

10. கார்ப் அடியில் சேற்றைக் கிளறித் தின்னும். அதற்குத் தக்கையை உயர்த்தி, இரை தரையைத் தொடும்படி விட்டுப் பொறுமையாக இருக்க வேண்டும். திலாப்பியாவுக்கு அவ்வளவு ஆழம் தேவையில்லை, இடுப்பளவு தண்ணீர் போதும்.

11. எங்கே போடுவது என்று தெரியாவிட்டால் தண்ணீருக்குள் நிற்கும் பழைய மரக்கட்டைகளைத் தேடுங்கள். நீர்கொழும்புக் களப்பில், முத்துராஜவெல சதுப்புப் பக்கத்து மீனவர்கள் கண்டல் கிளைகளை வெட்டிக் குவியலாகச் சேற்றில் ஊன்றிவைப்பார்கள். மீன் ஒதுங்க அது நல்ல இடம். நாள் கழித்துச் சுற்றி வலையிட்டு அள்ளுவார்கள். கடலோரமோ மலையோ, மீனுக்கு ஒளிய இடம் வேண்டும். நமக்குக் கிளை ஊன்றும் வேலைகூட இல்லை, நீர்த்தேக்கம் கட்டியபோது மூழ்கிய மரங்களின் அடிக்கட்டைகளே போதும்.

12. சின்ன மழை பெய்து விட்டதும் ஓடை வந்து கலக்கும் இடத்துக்குப் போங்கள். கெசல்கமு ஓயா காசல்ரீயில் சேருமிடம் போன்ற வாய்களில் புழுவும் பூச்சியும் அடித்து வரப்படும், மீன் அங்கே காத்திருக்கும். பெருமழையில் மட்டும் வேண்டாம். தண்ணீரும் கலங்கியிருக்கும், கரையும் சரியும்.

13. தண்ணீர் வற்றும் மாதங்களில் கரை எப்படி இருக்கிறது என்று ஒருமுறை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கே பள்ளம், எங்கே பாறை, எங்கே பழைய பாதை என்று அப்போதுதான் தெரியும். 1969இல் மவுசாகலை நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போனது. நீர்மட்டம் மிகவும் இறங்கும் ஆண்டுகளில் அந்தக் கோவிலும் விகாரையும் பள்ளிவாசலும் வெளியே தெரியும். ஊர்ச் சனம் பார்க்கத் திரளும். அந்தச் சுவர்களைச் சுற்றி மீன் ஒதுங்கும் என்பது உண்மைதான். ஆனால் சாமி இருந்த இடம் அது. நம் முன்னோர் கும்பிட்ட வாசலில் தூண்டிலைக் கட்டி நிற்காமல் நாலு அடி தள்ளி நிற்போம்.

14. வற்றிய கரை மேலே வெடித்துக் காய்ந்தது போல இருக்கும், உள்ளே களி முழங்கால் வரை இழுக்கும். ஒரு நீளக் கம்பால் குத்திப் பார்த்துத்தான் காலை வையுங்கள். புதைந்துவிட்டால் உதறாமல் படுத்தபடி மெதுவாக வெளியே வாருங்கள், அதுவே சுலபம்.

15. வான்கதவுக்குக் கீழே ஆற்றில் இறங்கி நின்று தூண்டில் போடவே கூடாது. மேல்கொத்மலை, நோர்ட்டன், கெனியன், லக்ஷபான பக்கங்களில் மேலே மழை பெய்தால் கதவு திறக்கும். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் தண்ணீர் சடாரென்று ஏறிவிடும். சைரன் கேட்டால் சாமானை எடுக்க நிற்காமல் முதலில் மேட்டுக்கு ஏறுங்கள். பிள்ளைகளைத் தனியே அனுப்பாதீர்கள்.

16. அட்டைக்கு ஆயிரம் மருந்து சொல்வார்கள். கணுக்காலிலும் விரலிடுக்கிலும் சவர்க்காரத்தை ஈரமாகத் தேய்த்துக் காயவிட்டாலே அட்டை ஏறாது. கடித்துவிட்டால் பிய்த்து இழுக்காமல் தேசிக்காய்ச் சாறோ உப்புத் தண்ணீரோ விடுங்கள், தானே விழும்.

17. தடியை வீசும் முன் மேலே ஒருதரம் பாருங்கள். கரையோர மரத்தில் குளவிக்கூடு இருந்தால் தங்கூசி பட்டாலே போதும், கலைந்துவிடும். குளவி கொட்டி நம் தோட்டங்களில் எத்தனை பேர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். கூடு தெரிந்தால் இடத்தை மாற்றுங்கள், அடுப்பும் மூட்ட வேண்டாம்.

18. வாய் வீங்கினாற் போலத் தெரியும் திலாப்பியா மாட்டினால் வாயைத் திறந்து பாருங்கள். தாய் மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்தே காக்கும். அதைத் தண்ணீருக்குள் பக்குவமாக விட்டுவிட்டால் அடுத்த வருடம் நமக்கே பல மடங்காகத் திரும்பக் கிடைக்கும்.

19. வலை போடுபவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் நக்டா என்று சொல்லும் நீரியல் வள அபிவிருத்தி அதிகார சபையின் அனுமதியை எடுத்துவிடுங்கள். வலைக் கண் 8.5 சென்றிமீற்றருக்குக் குறையக் கூடாது. சின்னக் கண் வலை வாங்கினால் வலையும் போகும், தண்டமும் கட்ட வேண்டும். குஞ்சையும் அள்ளிவிட்டால் பிறகு எதைப் பிடிப்பது?

20. 1880களில் வெள்ளைக்காரர்கள் நம் குளிர் ஓடைகளில் திரௌட் மீனைக் கொண்டுவந்து விட்டார்கள், ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் அது இன்றும் உண்டு. ஆனால் அந்தச் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா, அங்கே தூண்டில் எடுத்துப் போகாதீர்கள். 1873இல் வெட்டிய கிரகரி வாவியிலும் அனுமதி கேட்டுவிட்டே போடுங்கள்.

21. தோட்டத்திலோ மரக்கறிக் காணியிலோ மருந்து அடித்து மழை பெய்தால், அங்கிருந்து வடியும் ஓடையில் இரண்டு மூன்று நாளைக்கு மீன் பிடிக்க வேண்டாம். செத்து மிதக்கும் மீனை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தொடாதீர்கள், நாய்க்கும் போடாதீர்கள்.

22. வாங்குகிறவர்களுக்கு: மீனவர் மாலையில் வலை விட்டு விடியத்தான் தூக்குவார்கள். வெளிச்சம் வரும் நேரத்தில் கரைக்கே போனால் துடிக்கும் மீன் கிடைக்கும், சந்தைக் கூலியும் சேராது. பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து மொத்தமாக எடுத்தால் விலை பேசவும் லேசு.

23. கண் புடைத்துத் தெளிவாக, செவுள் சிவந்து, விரலால் அழுத்தினால் பள்ளம் விழாமல் இருந்தால் நல்ல மீன். செவுளைக் காட்ட மறுக்கும் வியாபாரியிடம் வாங்காமல் நடையைக் கட்டுங்கள்.

24. ஐஸ் இல்லாமல் வீடு கொண்டுவர நம் மலையின் குளிரே உதவும். சாக்கை நனைத்து, உள்ளே வாழையிலையோ பன்னத்தழையோ பரப்பி மீனை அடுக்கிச் சுற்றினால் ஈரம் காயக் காயக் குளிர்ந்திருக்கும். பொலித்தீன் பையில் இறுகக் கட்டினால் புழுங்கிக் கெட்டுவிடும்.

25. உயிரோடு கிடைத்தால் அவசரப்பட்டு வெட்டாதீர்கள். பீலித் தண்ணீர் மெதுவாக விழும் பெரிய பக்கட்டில் ஓரிரண்டு நாள் விட்டுவிட்டால் சேற்றுவாடை பெரும்பகுதி போய்விடும். அந்த நாட்களில் இரை போட வேண்டாம். மேலே ஒரு சுளகைக் கவிழ்த்துக் கல் வையுங்கள், பூனைக்காகவும், மீன் துள்ளாமலும்.

26. செதிள் சுரண்ட ஒரு சாணளவு பலகையில் இரண்டு சோடா மூடிகளைக் கவிழ்த்து ஆணி அடியுங்கள். கத்தியைவிட வேகமாக வரும், தோலும் கிழியாது. தண்ணீர்ச் சட்டிக்குள் வைத்தே சுரண்டினால் செதிள் சுவரெல்லாம் தெறிக்காது.

27. வழுக்கும் விலாங்கையும் கெளுத்தியையும் பிடிக்க அடுப்புச் சாம்பல் ஒரு கை போதும். கெளுத்தியின் பக்கவாட்டு முள்ளை முதலிலேயே கத்திரிக்கோலால் நறுக்கிவிடுங்கள். குத்தினால் நாள்பூரா கடுக்கும். குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை வைத்திருந்தால் கடுப்புத் தணியும்.

28. நீர்த்தேக்க மீன் வேண்டாம் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் மண்வாடையைத்தான் சொல்கிறார்கள். வாடை தண்ணீரில் உள்ள பாசியிலிருந்தும் நுண்ணுயிரிலிருந்தும் வருகிறது. மீனின் கொழுப்பிலும் தோலிலும் போய்த் தங்குகிறது, அதனால் எத்தனை முறை கழுவினாலும் வெறும் தண்ணீருக்கு அடங்காது. வயிற்றுக்குள் ஒட்டியிருக்கும் கறுப்புச் சவ்வைத் துணியால் தேய்த்து முழுதாக உரித்தெடுங்கள். முதுகெலும்போடு ஒட்டிய இரத்தக் கோட்டைக் கீறி எடுங்கள். வயிற்றோரக் கொழுப்பை நறுக்கிவிடுங்கள். பிறகு உப்பு, மஞ்சள், ஒரு பிடி கோதுமை மா போட்டுப் பிசறிக் கால் மணி நேரம் கழித்துக் கழுவி, கடைசியாகப் புளித்தண்ணீரிலோ தேசிக்காய்ச் சாற்றிலோ முக்கி எடுங்கள். புளிப்புத்தான் அந்த வாடையை முறிக்கும். இப்படிச் செய்து வைத்த குழம்பை ஒருமுறை ஊற்றுங்கள், பிறகு அவர்களே சட்டியைத் தேடி வருவார்கள்.

29. கார்ப்பில் நுண்முள் அதிகம், பிள்ளைகளுக்குக் கொடுக்கப் பயமாக இருக்கும். தோலோடு நூல் இடைவெளியில் நெருக்கமாக, எலும்பு வரை கீறிப் பொரித்தால் அந்த முள்ளெல்லாம் பொடியாக நறுங்கி முறுகிவிடும். ஆனாலும் சின்னப் பிள்ளைகளுக்குப் பிசைந்து பார்த்தே ஊட்டுங்கள்.

30. விரல் நீளக் குட்டி மீன்களை முள்ளோடு சாப்பிடலாம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், இங்கே தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். திறந்த சட்டியில் முள் மெதுவாகத்தான் மசியும். பிரஷர் குக்கரில் கொறுக்காய், மிளகு, உப்புப் போட்டு அரை மணி நேரம் வைத்தால் ரின் மீன் போல முள் நைந்துவிடும். ரின் வாங்கும் காசு மிச்சம், சுண்ணாம்புச் சத்தும் உடம்பில் சேரும்.

31. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டுக்குக் கொறுக்காய்ப் பிரட்டல்தான் துணை. மண்சட்டி அடியில் வாழையிலை விரித்து, அரைத்த கொறுக்காய், மிளகுதூள், உப்புத் தடவிய துண்டங்களை ஒரே அடுக்காக அடுக்கி, சிறுதீயில் தண்ணீர் வற்றும் வரை வையுங்கள். தேங்காய்ப்பால் விடாதீர்கள், பால் விட்டால் அன்றே தீர்க்க வேண்டும். நம் குளிரில் இரண்டு மூன்று நாள் இருக்கும், தினமும் ஒருமுறை சூடாக்கினால் போதும்.

32. ஒரு மீனை ஆறு பேருக்குப் பகிர வேண்டுமா? அவித்து முள் எடுத்து, அவித்த உருளைக்கிழங்கு, லீக்ஸ், கொச்சிக்காயோடு பிசைந்து கட்லட் தட்டுங்கள். பாண் தூளுக்குக் காய்ந்த பாணை ஆட்டுக்கல்லில் நொறுக்கிக்கொள்ளலாம்.

33. தலையையும் நடு எலும்பையும் தூக்கிப் போடாதீர்கள். ரம்பை, கறிவேப்பிலை, வெந்தயம் போட்டு அவித்து வடித்த தண்ணீரில் சொதி வைத்தால் இரவு இடியப்பத்துக்கு வேறு குழம்பே வேண்டாம்.

34. பொரிக்கும்போது மீன் சட்டியில் ஒட்டினால் எண்ணெயும் வீண், மீனும் வீண். துண்டங்களைத் துணியால் ஒற்றி ஈரமெடுத்து, அரிசி மாவு லேசாகத் தூவி, எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகே போடுங்கள். மிஞ்சிய எண்ணெயில் ஒரு உருளைக்கிழங்குத் துண்டைப் பொரித்தெடுத்தால் வாடை குறையும். அடுத்த முறையும் மீனுக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

35. கருவாடு போட நம் ஊரில் வெயிலை நம்ப முடியாது, புகையை நம்பலாம். முதுகால் பிளந்த மீன் மூன்று கிலோவுக்கு ஒரு கிலோ கல்லுப்பு என்ற கணக்கில் இடையிடையே தூவி ஒரு இரவு வைத்து, ஊறிய தண்ணீரை வடித்து, அடுப்புக்கு மேல் பரணில் கம்பியில் கோத்துத் தொங்கவிடுங்கள். தேயிலை மிலாறு, கொய்யா விறகு எரித்தால் நல்ல மணமும் நிறமும் வரும். பைன் விறகு வேண்டாம், பிசின் புகை கசக்கும். நாலு நாள் புகைக்குப் பிறகு வெயில் எட்டிப்பார்க்கும் நாளில் பழைய நுளம்பு வலையைப் போர்த்தி வெளியே காயவையுங்கள், ஈ மொய்க்காது. வளைத்தால் விறைப்பாக நின்றால் தயார். காகிதத்தில் சுற்றித் தகரப் பெட்டியில் போட்டால் கார்த்திகை மழையில் கைகொடுக்கும்.

36. மீன் சட்டியை முதலில் பச்சைத் தண்ணீரில்தான் கழுவ வேண்டும்; வெந்நீர் பட்டால் வாடை ஒட்டிக்கொள்ளும். பிறகு ஊறிய தேயிலைச் சக்கையைப் போட்டுத் தேய்த்து அலசுங்கள். அதே சக்கை கைக்கும் நல்லது, சவர்க்காரம் பாதி மிச்சம்.

37. ஒற்றைக் காம்பரா வீட்டில் பொரித்தால் படுக்கை வரை மணக்கும். பிழிந்த தேசிக்காய்த் தோலையும் ஒரு கறுவாப்பட்டையையும் அடங்கும் தணலில் தண்ணீரோடு வைத்துவிடுங்கள், அரை மணியில் வாடை போய்விடும்.

38. செவுளும் குடலும் மரக்கறிப் பாத்திக்குப் பொன். ஆனால் மேலாகப் புதைத்தால் நாயும் காட்டுப்பன்றியும் இரவோடு கிளறிவிடும். முழங்கை ஆழம் குழி வெட்டி, சாம்பல் தூவி மூடி, மேலே ஒரு தட்டைக் கல்லை வையுங்கள். ஒரு மாதம் கழித்துக் கல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சௌசௌ கொடியோ கோவாவோ நட்டுப் பாருங்கள்!

39. மீன் கழுவிய முதல் தண்ணீரை உப்புப் போடும் முன்னரே தனியாகப் பிடித்து வையுங்கள். லீக்ஸுக்கும் வாசல் ரோசாவுக்கும் அடியில் ஊற்றலாம், இலையில் படாமல். உப்புப் போட்ட தண்ணீர் மட்டும் காணுக்குப் போகட்டும்.

40. குளிர்சாதனப் பெட்டி உள்ள வீடு லயத்தில் ஒன்றிருந்தாலும் போதும். சுத்தம் செய்த மீனைப் பழைய ஐஸ்கிறீம் டப்பாவில் போட்டு, மூழ்கும் வரை தண்ணீர் ஊற்றி உறையவையுங்கள். காற்றுப் படாமல் மாதம் தாண்டியும் நிறம் மாறாது. டப்பா மூடியில் யார் வீட்டு மீன், எந்தத் திகதி என்று பிளாஸ்டர் ஒட்டி எழுதிவிட்டால் அடுத்த ஞாயிறு யாருக்கும் குழப்பமில்லை.